அடிச்சவன் எடுக்கணும்

சிலுவைத்துறைக்காரர்களிடம் தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், எந்த ஆட்டம், முதலாவதா இரண்டாவதா என்று திருப்பிக் கேட்பார்கள், ஏனென்றால் அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டம் ஒரே நாளில் முடிகிற காரியமல்ல, ஒன்று இங்கே, பதினைந்து நாள் கழித்து இன்னொன்று அங்கே, இரண்டிலும் விழுந்த கோல்களைக் கூட்டிப் பார்த்துத்தான் கோப்பை யாருக்கு என்று முடிவாகும். ஆனால் நீங்கள் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர்கள் இரண்டு ஆட்டத்தையும் விட்டுவிட்டு, நடுவில் கிடந்த அந்தப் பதினைந்து நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மெட்டில்டாளின் வீட்டுக்கு மேலே பந்து நின்ற பதினைந்து நாள் அது.

ஊரின் மைதானத்துக்கு மேற்கே கடல், கிழக்கே வலை காயப்போடும் மணல், தெற்கே கோயில் மதில், வடக்கே கோல் கம்பத்துக்குப் பத்தடி பின்னால் மெட்டில்டாளின் ஓட்டு வீடு. கடலில் விழுந்த பந்தை யார் நீந்தி எடுப்பது என்று அந்தக் காலத்தில் மண்டை உடைகிற அளவுக்குச் சண்டை நடந்து, கடைசியில் யாரோ கோயில் மதிலில் சுண்ணாம்பை எடுத்து ‘அடிச்சவன் எடுக்கணும்’ என்று எழுதி வைக்க, அதுவே ஊரின் சட்டமாகிவிட்டது. எத்தனையோ பங்குத்தந்தைகள் வந்து எத்தனையோ முறை மதிலுக்கு வெள்ளையடித்தும் அந்த எழுத்தின் மேல் மட்டும் ஒருவரும் கைவைக்கவில்லை. அடித்தவன் இருக்க வேறொருவன் பந்தை எடுத்துக் கொடுத்தால் அந்த வருஷம் ஊர் ஒரு ஆட்டமும் ஜெயிக்காது என்பது சிலுவைத்துறையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு வருஷம் அப்படி எடுத்து ஒன்பது ஆட்டம் வரிசையாகத் தோற்ற கதையும் தெரியும்.

ஆகவே மெட்டில்டாளின் வீட்டு வேலிக்கு வருகிறவர்கள் மோசமாகப் பந்தடிக்கிறவர்கள் மட்டும்தான். புருஷன் பனியடிமை கடலில் போய்விட்டான், ஒரே மகன் ஊரைவிட்டே போய்விட்டான், மீன் கழுவிய தண்ணீரை வேலியோரம் ஊற்ற வருகிற அண்டை வீட்டுக்காரிகூட அவசரமாக ஊற்றிவிட்டு அவசரமாகத் திரும்பிவிடுவாள். ஆனால் குறி தவறி அடித்தவன் வந்தே ஆக வேண்டும். “அக்கா, பந்து” என்று வேலிக்கு வெளியே நின்று கூப்பிடுவான். அவள் பந்தைச் சேலை முந்தானையால் துடைத்து இடுக்கிக்கொண்டு, அவன் நடைப்படியில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை கொடுக்கமாட்டாள். குடிக்கும் நேரத்தில் அவனுடைய அம்மாவின் மூட்டுவலி, தங்கைக்கு வந்த சம்பந்தம், அண்ணன் வேலைபார்க்கும் வெளிநாட்டுக் கம்பெனி எல்லாவற்றையும் விசாரித்துவிடுவாள். வெளியூர் நடுவர்கள் முதலில் கத்திப் பார்த்தார்கள், பிறகு கடைசி நிமிஷங்களோடு காப்பி நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கப் பழகிக்கொண்டார்கள். ஊரின் நல்ல ஆட்டக்காரர்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது. ஆட்டம் ஒழுங்காக நடந்த நாட்களில் அவள் போட்டு வைத்த காப்பி அடுப்பிலேயே வற்றிப்போகும்.

இதெல்லாம் அவள் செய்தது ஒரு பந்துக்காக. பதினோரு வருஷத்துக்கு முன்னால், பனியடிமையின் வள்ளம் கரைக்கு எட்டும் தூரத்தில் அலையடித்துக் கவிழ்ந்த சாயங்காலம், மாவட்ட இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்த மகன் ஆன்றோவிடம் கோட்டுக்கு வெளியே நின்று ஒருவர் செய்தியைச் சொன்னார், பதினேழு வயது ஆன்றோ தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் பந்தைப் பார்த்து ஓடினான். பிணத்தை முற்றத்தில் கிடத்தி, ஈரச் சட்டையைக் கழற்றக்கூடக் கை வராமல் மெட்டில்டாள் உட்கார்ந்திருந்தபோது, கூரைக்கு மேலே வந்த பந்து பிணத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. பின்னாலேயே அடித்தவன் வந்தான். வேலிக்கு வெளியே நின்றான். “அம்மா, பந்து” என்றான். அவள் எழுந்து, மீன் அறுக்கும் பிச்சாத்தியை எடுத்து, மகனின் கண்முன்னால் அந்தப் பந்தை இரண்டாக அறுத்துப் போட்டாள். சிலுவைத்துறையில் விசில் ஊதாமல் முடிந்த ஒரே ஆட்டம் அதுதான். நாற்பத்தியோராம் நாள் பூசை முடிந்ததும் ஆன்றோ வடக்கே பஸ் ஏறினான், துறைமுக நகரத்தின் அணியில் சேர்ந்தான், ஒன்பதாம் எண் சட்டை போட்டான், பேப்பரில் படம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் போனில் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பாள். அதற்குமேல் இரண்டு பக்கத்திலும் பேச்சு வராது.

அந்தத் துறைமுக அணியும் சிலுவைத்துறை அந்தோணியார் கழகமும் தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோதும் என்று யார்தான் நினைத்தார்கள்! முதல் ஆட்டம் சிலுவைத்துறையில். நாலு ஊர் சனம் வந்து, இடம் போதாமல் மரத்திலும் மதிலிலும் தொற்றிக்கொண்டு, பாதிப்பேர் இடுப்பளவு கடலுக்குள் நின்று பார்த்தார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் துறைமுகத்துக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தது ஆன்றோ. ஊரே சேர்ந்து ஊளையிட்டது. மெட்டில்டாள் மட்டும் வேலிக்குப் பின்னால் குதிகாலை உயர்த்தி நின்று, ஒரு சத்தமும் போடாமல் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு பெனால்டிகூடத் தவறவிடாதவன் என்று பெயர் வாங்கிய ஆன்றோ ஓடி வந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே எழும்பி, வேலிக்கு மேலே எழும்பி, மெட்டில்டாளின் ஓட்டுக்கூரைக்கு மேலே தென்னை உயரத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

நடுவர் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். பந்து எங்கே நின்றாலும் கோட்டைத் தாண்டிவிட்டதால் வெளியே போனதுதான் என்று சொல்லி, விசிலை ஊதி, நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். துறைமுக அணிக்காரர்கள் பயிற்சியாளர் விரட்ட விரட்டப் பஸ்ஸில் ஏறினார்கள். மெட்டில்டாள் உள்ளே ஓடிப்போய் அடுப்பை மூட்டினாள். காப்பி கொதித்து, கருப்பட்டி கரைந்து, டம்ளரில் ஊற்றி வெளியே வந்தபோது பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வேலியில் நின்றாள், காப்பி ஆறிப்போகும்வரை நின்றாள்.

மறுநாள் காலையிலேயே ஊர்க்கூட்டம் கூடியது. பந்து ஏன் நிற்கிறது என்று கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. அடித்தவன் எடுக்காமல் போனால் பந்து பின்னே என்ன செய்யும் என்பதுதான் பொதுவான அபிப்பிராயம். பேச்செல்லாம் அடுத்தது என்ன என்பதைப் பற்றித்தான். சட்டத்தை மதிக்காத தென்னை ஏறுகிற ஒருவன் முந்தின நாளே சத்தமில்லாமல் மரத்தில் ஏறிப் பார்த்திருக்கிறான். அவன் ஒரு முழம் ஏறினால் பந்தும் ஒரு முழம் மேலே போயிருக்கிறது, குருத்துவரை போய் வெறுங்கையோடு இறங்கினான், அதோடு வேறொருவரும் முயற்சி செய்யவில்லை. மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து கம்பிக்கும் பந்துக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து, தொந்தரவில்லை என்று எழுதிக் கொடுத்தார். பந்தின் நிழல் காலையில் கிணற்றடியிலும் உச்சியில் ஓட்டின் மேலும் சாயங்காலம் வலை காயும் மணலிலும் விழுந்ததால், சுற்றுவட்டத்துப் பெண்கள் நிழலைப் பார்த்து உலை வைத்தார்கள். ஒரு காகம் பந்தின் மேல் உட்கார்ந்து பார்த்து, உருளுமோ என்று கொஞ்சம் பயந்து, உருளவில்லை என்று தெரிந்ததும் அதையே வீடாக்கிக்கொண்டது.

மூன்றாம் நாள் வேறு சனம் வர ஆரம்பித்தது. புருஷன் ஷார்ஜாவில், மகன் குவைத்தில், தம்பி எங்கோ கப்பலில் என்று ஆளைத் தூரத்தில் வைத்திருக்கும் பெண்கள் மெழுகுதிரியோடு வந்து, பந்தின் கீழே நின்று, அவரவர் ஆளின் பெயரை ஒருமுறை உரக்கக் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். யார் தொடங்கியது என்று தெரியாது, ஒரு வாரத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. முற்றம் முழுக்கப் பெயர்கள். மெட்டில்டாளின் வீட்டில் பதினோரு வருஷமாகக் கேட்காத கூட்டச் சத்தம் கேட்டது. அவளும் விடியற்காலையில் எழுந்து பானையில் காப்பி போட்டாள், இருக்கிற பாய்களையெல்லாம் விரித்தாள், மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தட்டில் வைத்தாள். வந்தவர்கள் கழுத்தை நிமிர்த்தியே வந்தார்கள், நிமிர்த்தியே போனார்கள். காப்பி டம்ளரைக்கூட அண்ணாந்தபடியே வாங்கினார்கள். கீழே நின்று கொடுத்தவளை ஒருவரும் பார்க்கவில்லை, நீ யார் பெயரைக் கூப்பிட்டாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஆளில்லாத வீட்டில் இருந்ததைவிட ஆள் நிறைந்த வீட்டில் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அவள் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவாள்?

பத்தாம் நாள் கழகத்தின் செயலாளர் கிளீட்டஸ் வந்தார். பனியடிமைக்குத் தம்பி முறை, அவரும் பனியடிமையும் ஒரே வள்ளத்தில் போனவர்கள். அவர் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை, நேராக வந்து நடைப்படியில் உட்கார்ந்தார்.

“மைனி, நான் ஒரு காரியம் சொல்லுவேன், கோவப்படப்பிடாது.”

“சொல்லு கிளீட்டஸு.”

“ரெண்டாவது ஆட்டத்துக்கு முந்தின நாளு ஆன்றோவுக்கு ஒரு போனு போடுங்க. அம்மைக்கு ஒடம்புக்கு முடியல்லே, உடனே வான்னு மட்டும் சொல்லுங்க. அவன் வந்து பந்த எடுத்த மாதிரியும் ஆச்சு, அங்க அவன் இல்லாம நம்ம பயலுவ கோப்பைய எடுத்த மாதிரியும் ஆச்சு.”

“எனக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்கு.”

“இதொண்ணும் பாவமில்லே மைனி. எல்லா டீமும் செய்யுறதுதான். ஊருக்காக ஒரு போனு. அவன் வந்தா ஒங்களுக்கும் சந்தோசம்தானே?”

போன் பண்ணினால் வந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். பொய்யென்று தெரிந்த பிறகு இன்னொரு பதினோரு வருஷம் வரமாட்டான் என்பதும் தெரியும். ஆனால் ஒருநாள் முழுக்க அவன் முகத்தைப் பார்க்கலாமே என்று ஒரு ஆசையும் வந்தது.

“ஒரு பந்த நான் அறுத்தாச்சு, கிளீட்டஸு. இன்னொண்ண அறுக்கமாட்டேன்.”

கிளீட்டஸ் “காப்பி இருக்கா மைனி?” என்று கேட்டு, குடித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது ஆட்டத்துக்கு ஊரே கிளம்பியது. பத்து மணி நேரப் பயணம். முந்தின நாள் காலைப் பூசை முடிந்த கையோடு பதினாலு பஸ்ஸில் கொட்டும் கொடியுமாக ஏறினார்கள். பங்குத்தந்தை போனார், கோயில் மணி அடிக்கிறவர் போனார், எழுந்து நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள், வள்ளங்களெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. வெளியூரிலிருந்து பெயர் கூப்பிட வருகிற பெண்கள்கூட ஊரில் ஆளில்லை என்று கேள்விப்பட்டு வராமல் இருந்துவிட்டார்கள். கிளீட்டஸ் வந்து, “நீங்களும் வாங்க மைனி, அங்க வந்தாவது அவனப் பாக்கலாம்,” என்றார். “அடிச்சவன் வரும்போது வீட்டுல ஆளு இருக்கணும்லியா?” என்றாள். அவன் அன்றைக்கு அங்கே ஆடுவான், இங்கே எப்படி வருவான் என்று கிளீட்டஸ் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

ஆட்ட நாளன்று ஊர் அவ்வளவு அமைதியாக இருந்தது, கடல்கூட எட்டப் போய் நின்றதுபோல் இருந்தது. நாய்கள் மைதானத்தின் நடுவே படுத்துத் தூங்கின. மெட்டில்டாள் முற்றத்தைப் பெருக்கினாள், உருகிக் கிடந்த மெழுகைச் சுரண்டி எடுத்தாள், பழைய ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டு நடைப்படியில் வைத்தாள். நாலு மணிக்கு வர்ணனை தொடங்கியது. இரண்டு அணியின் பெயர்களையும் வாசித்தார்கள். வாசித்து முடித்துவிட்டு, துறைமுக அணியின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் ஆன்றோ இன்று களமிறங்கவில்லை, காரணம் தெரிவிக்கப்படவில்லை, நேற்று மாலை முதல் அவர் விடுதியிலும் இல்லை என்று வர்ணனையாளர் சொன்னார்.

கிளீட்டஸ் ஏதும் செய்துவிட்டாரா, பிள்ளைக்குக் காலில் அடியா, ரோட்டில் ஏதாவது ஆகிவிட்டதா என்று மெட்டில்டாளுக்கு நூறு யோசனை ஓடியது. போனை எடுத்தாள், பெயரைத் தேடினாள், விரல் எங்கெங்கோ அழுத்தியது. அப்போது காகம் கத்தியது. அண்ணாந்து பார்த்தாள். பதினைந்து நாளாக இறங்காத பந்து ஒரு முழம் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முழம் இறங்கியது. காகம் சலித்துக்கொண்டு எழுந்து பறந்துவிட்டது. யாரோ ஒருவர் ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்க, அதற்குத் தக்கபடி பந்தும் கொஞ்சம் கொஞ்சமாக, தென்னம் மட்டையைத் தாண்டி, ஓட்டைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி வந்து, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றது. அவள் கையை நீட்டினாள், அது விழுந்தது. வெயிலில் நின்று நின்று சூடேறியிருந்தது.

“அம்மா,” என்றது குரல், வேலிக்கு வெளியே. “பந்து.”

தாடி வைத்திருந்தான். தோளில் ஒரு பை. கடற்கரை வழியாக நடந்து வந்ததில் முட்டிவரை மணல்.

மெட்டில்டாள் பந்தை முந்தானையால் துடைத்து இடுக்கிக்கொண்டாள். “வா. இரி. காப்பி குடிச்சுட்டுத்தான் தருவேன்,” என்றாள். வேறு எதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, எல்லாரிடமும் சொல்வதையே சொன்னாள்.

அவன் நடைப்படியில் உட்கார்ந்தான். அவள் ஒரு கையால் அடுப்பை மூட்டினாள், மறு கையிலிருந்த பந்தைக் கீழே வைக்கவில்லை.

“இண்ணைக்கு ஆட்டமாச்சே மக்கா.”

“ஊருல ஒருத்தரும் இல்லாத நாளு இது ஒண்ணுதான். வேற நாளு வந்தா எல்லாரும் பாத்துருவாவ. என்னால முடியாதும்மா.” அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “அண்ணைக்கு பெனால்டி அடிக்க ஓடி வரும்போ வேலிக்கு மேல ஒனக்க தலையக் கண்டேன். முழுக்க நரைச்சுப் போச்சு. பொறவு கம்பம் கண்ணுக்குத் தெரியல்லே.”

ரேடியோவில் யாரோ கோல் அடித்தார்கள். இருவரும் காது கொடுக்கவில்லை.

“நான் அந்தப் பந்த அறுத்திருக்கப்பிடாது,” என்றாள் மெட்டில்டாள். பதினோரு வருஷமாகத் தினமும் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம், வெளியே வந்தபோது மெலிந்து போயிருந்தது. “அப்பன் கெடக்கும்போ பந்து கேட்டு வந்தியேன்னு ஆத்திரம். வேற ஒண்ணுமில்லே.”

ஆன்றோ டம்ளரைக் கீழே வைத்தான்.

“விசில் ஊதுற வரைக்கும் ஒண்ணும் முடியல்லேன்னு நெனச்சேன்மா. பந்து ஓடிட்டு இருக்குற வரைக்கும் அப்பா சாவல்லேன்னு. அதான் திரும்ப வந்து கேட்டேன்.”

மெட்டில்டாள் அழுதாள். பனியடிமைக்காக அழாமல் விட்டதையும் சேர்த்து அழுதாள், பந்தின் மேலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் தோள் படும்படி சாய்ந்துகொண்டான். இரண்டாவது டம்ளர் காப்பியும் குடித்தான், கிழங்கு தின்றான், மூன்றாவது டம்ளர் கேட்டான். ஆட்டம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது: துறைமுகம் மூன்று, சிலுவைத்துறை இரண்டு, முதல் ஆட்டத்தையும் சேர்த்துத் துறைமுகத்துக்கே கோப்பை.

“நான் இல்லாமலே ஜெயிச்சிட்டானுவ,” என்று ஆன்றோ சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “அங்க ஒண்ணும் எனக்காவக் காத்து நிக்கல்லே பாரு.”

ஊர் திரும்பும் முன்பு போய்விட வேண்டும் என்று ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினான். நாளைக்கு அணிக்குப் பதில் சொல்ல வேண்டும், வேலையே போனாலும் போகும் என்றான். இரு என்று சொல்ல அவளுக்கு உரிமையில்லை என்று நினைத்து, அவள் சட்டப்படி பந்தை நீட்டினாள். பந்தைக் கொடுத்தால் எல்லாம் முடிந்தது, எடுக்க வந்தவன் எடுத்துக்கொண்டு போவான், பதினோரு வருஷமாக வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். ஆன்றோ பந்தை வாங்கினான். வேலிவரை போனான். திரும்பி நின்று, பந்தைக் கையிலிருந்து விட்டு, அது தரையைத் தொடும் முன்பு காலால் மெல்லத் தூக்கி அடித்தான். அது அழகாக வளைந்து போய், ஓட்டுக்கூரைக்கும் சாய்ந்த தென்னைக்கும் நடுவே, சாதாரணமான எந்தப் பந்தும் மாட்டிக்கொள்வதுபோல, மாட்டிக்கொண்டது.

“அடடா,” என்றான் ஆன்றோ. “மாட்டிப் போச்சே. எடுக்க வாறேன்மா.”

மறுநாள் காலையில் தோற்று, தொண்டை கட்டி, தூக்கமில்லாமல் திரும்பிய ஊர் முதலில் வானத்தைத்தான் பார்த்தது. வானம் காலியாக இருந்தது. கிளீட்டஸ்தான் கூரையில் பந்தைக் கண்டவர். அதிக உயரமில்லை, ஒரு நாற்காலி போட்டால் போதும், அவரே போய் நாற்காலியை எடுத்து வந்துவிட்டார்.

மெட்டில்டாள் நடைப்படியில் மூன்று டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“அதத் தொடாதே, கிளீட்டஸு,” என்றாள். “அடிச்சவன் வருவான்.”